ஃபிப்த் கேட்டின் மூன்றாவது பாட்டு

முதலில் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சுர்ரென்ற இரைச்சல் கேட்கும், அதன் பின்னால் நூறு பேர் கத்துவார்கள், அந்தக் கத்தலைக் கிழித்துக்கொண்டு ஒரு கிடார் அலறும், அது ஓய்வதற்குள் அடிவயிற்றிலிருந்து ஒரு ஆண்குரல் உறுமிக்கொண்டே மேலே வரும். அம்மாவின் செல்போனில் அந்தப் பாட்டை நான் முதல்முறை போட்டபோது அடுப்படியிலிருந்து, "யாருக்குடி வயித்து வலி? ஆஸ்பத்திரிக்கி அழச்சிக்கிட்டுப் போவச் சொல்லு" என்று அம்மா கேட்டார். பிளஸ் ஒன் படித்த அந்த வருஷத்தில், ராக் இசை தெரியாதவர்களோடு வாதம் செய்வதில்லை என்று ஒரு கொள்கையே வைத்திருந்தேன்.

பாடியது "ஃபிப்த் கேட்" என்னும் குழு. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் படித்த ஐந்து மாணவர்கள் சேர்ந்து நடத்தியது. கேசட்டும் கிடையாது, சி.டி.யும் கிடையாது. கல்லூரி விழாவில் அவர்கள் பாடியதை யாரோ செல்போனில் பதிவு செய்ய, அது புளூடூத் வழியாகக் கைமாறி, கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் கணக்கு டியூஷனின் மொட்டை மாடிவரை வந்து சேர்ந்திருந்தது. பதிவில் மூன்றாவதாக இருந்ததால் எங்களுக்கு அது "மூணாவது பாட்டு". சார் முதல் பேட்ச்சை அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிடும்வரை மாடியில் அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே பரவாயில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஸ்டெல்லா என் உயிர்த்தோழி, வங்கி மேலாளரின் மகள். பாட்டைக் கொண்டுவந்தவளே அவள்தான், அவளுடைய அண்ணன் அந்தக் கல்லூரியில் படித்தான். குமரன் நெல்லிக்குப்பத்திலிருந்து ரயிலில் வருபவன், அவன் அப்பா சர்க்கரை ஆலையில் இன்ஜினியர். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த நாலு பக்கத் தாளை அவன் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பான். அதில் ராக் இசையின் வகைகள் எல்லாம் இருந்தன. மூணாவது பாட்டு "டெத் மெட்டல்" என்று திங்கட்கிழமை சொல்வான், புதன்கிழமை அதை "த்ராஷ் மெட்டல்" என்று மாற்றுவான், வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று இருப்பதாகக் கண்டுபிடிப்பான். ஒருநாள் மாடிக்கு வந்த சார் இதைக் கேட்டுவிட்டு, "குப்பையில என்னடா இத்தன வகை? மக்குற குப்ப, மக்காத குப்ப, ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். குமரன் இரண்டு நாள் அந்தத் தாளை வெளியே எடுக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு வகையைப் பற்றிக் கவலை இல்லை. அவள் ஒருமுறை அண்ணனோடு போய் அந்தக் குழுவை நேரில் பார்த்தவள், அதனால் எந்த வாதத்தையும், "லைவ்ல பாக்காதவுங்க பேசக்கூடாது" என்று முடித்துவிடுவாள். எனக்கு வகையும் தெரியாது, லைவும் தெரியாது. எனக்கென்று மிச்சம் இருந்தது அர்த்தம் மட்டும்தான். ஆகவே பாட்டின் வரிகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் செல்போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டு, பின்வரும் ஆங்கில வரிகளைத் தேற்றினேன்: "க்ரை காட். ஆல் அபார்ட், கம். பரி எ பாஸ்ட். பட் யூ ஷாட் ஹிம். மட் லார்ட். எரர், எரர், எரர்." அழு கடவுளே, எல்லாம் சிதறிப் போயிற்று, வா, கடந்த காலத்தைப் புதைத்துவிடு, ஆனால் அவனைச் சுட்டவன் நீயல்லவா, மண்ணின் அதிபதியே, பிழை, பிழை, பிழை. போர்முனையில் தன் நண்பனையே தவறிச் சுட்டுவிட்ட ஒரு சிப்பாயின் புலம்பல் இது என்று, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். மண்ணின் அதிபதி யார் என்பதற்கு மட்டும் அரைப் பக்கம். படித்துப் பார்த்த குமரன் கண்கலங்கினான் என்பதை அவன் மறுத்தாலும் நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு பொய்யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டியூஷனில் சேர்ந்த முதல் நாள் சார் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயர், பள்ளி, அப்பாவின் வேலை எல்லாம் கேட்டார். வங்கி மேலாளர், இன்ஜினியர், தாசில்தார் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. என் முறை வந்தபோது, "டிரான்ஸ்போர்ட்ல இருக்காங்க சார்" என்றேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா, "ஆர்.டி.ஓ.வாடி?" என்று காதருகே கேட்டாள். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த வாரமே குமரன் தனக்கு வண்டி பழக ஒரு எல்.எல்.ஆர். லைசென்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று பணிவாக விசாரித்தான்.

என் அப்பா முருகையன் கடலூர் – சிதம்பரம் தடத்தில் ஓடிய ஒரு தனியார் பேருந்தில் கண்டக்டர். ஒரு நாளைக்கு எட்டு "சிங்கிள்", அதாவது எட்டு ஒருவழி நடை, போவார். வீட்டில் அவர் குரலைக் கேட்பதே அபூர்வம். தொண்டையை வேலைக்காக மிச்சம் பிடித்து, உப்புப் போட்ட வெந்நீரைக் கொப்பளித்துவிட்டு, சாம்பார் வேண்டும் மோர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் சொல்வார். ஆறாம் வகுப்பிலிருந்தே நான் அவர் வண்டியில் ஏறியதில்லை, ஏறாமல் இருப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒருநாள் நான் மூணாவது பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். பிறகு, "இந்தப் பையனுக்குத் தொண்ட போயிரும். கழுத்துலேருந்து எடுக்குறான். வயித்துலேருந்து எடுக்கணும்" என்றார். ராக் இசையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று எனக்குக் கோபமாக வந்தது.

என் விளக்கத்தை ஸ்டெல்லா ஏற்கவில்லை. "சிப்பாயும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. அந்தப் பாட்டுல வார்த்தையே கெடையாதுடி, சும்மா சவுண்டு" என்றாள். நான் அவளுக்கு இலக்கிய அறிவு இல்லை என்றேன். அவள் எனக்குக் காது இல்லை என்றாள். பேச்சு முற்றி, மறுநாள் அவள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். டியூஷனில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் இல்லாத பெஞ்சில் எனக்கு முக்கோணவியலும் புரியவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் குமரன்தான் சமரசம் பேசினான்: அடுத்த வாரம் கல்லூரி விழாவில் அந்தக் குழு பாடுகிறது, மூவரும் நேரில் போய்ப் பாடகனையே கேட்டுவிடுவோம், தோற்றவர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டும். ஸ்டெல்லாவின் அண்ணன் அங்கே எங்களைப் பார்த்துக்கொள்வான் என்பதால் வீடுகளிலும் விட்டார்கள். நான் அப்பாவின் வண்டி புறப்படும் பத்தேகாலைக் கணக்கில் எடுத்து, ஒன்பதுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

குமரன் வந்தது பத்து மணிக்கு. வந்த வேகத்தில், எந்த வண்டி என்றுகூடப் பார்க்காமல், முதலில் நின்ற பேருந்தின் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு மூன்று பேருக்கு இடம் பிடித்தான். அது எந்த வண்டி என்று சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்பதற்கு வாயில் காரணம் எதுவும் வராமல் நான் ஏறி, ஜன்னலோரம் சுருங்கி உட்கார்ந்தேன்.

அப்போது கீழேயிருந்து அந்தக் குரல் எழுந்தது. "காரக்காடு, பூண்டியாங்குப்பம், ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம், முட்லூரு... ஏறு ஏறு ஏறு!" அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, இன்ஜின் உறுமலுக்கு மேலேறி, பெரியப்பட்டில் ஒரு கணம் நின்று, புதுச்சத்திரத்தில் உருண்டு, முட்லூரில் போய் மோதியது. குமரன் மெதுவாகக் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். ஸ்டெல்லா செல்போனில் மூணாவது பாட்டைப் போட்டு ஜன்னலருகே நீட்டினாள். மூவரும் இரண்டையும் ஒருசேரக் கேட்டோம். தாளம்கூடத் தப்பவில்லை.

ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "நித்யா, அந்த 'பரி எ பாஸ்ட்' எங்க இருக்கு தெரியுமா? ஆலப்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டாப்பிங்." குமரன், "அப்ப மட் லார்டு?" என்று பரிதாபமாகக் கேட்டான். நான் சிரிக்கவில்லை. வண்டி கடலூர் ஓ.டி.யை, அதாவது பழைய டவுனை, தாண்டியதும் அப்பா டிக்கெட் போட்டுக்கொண்டே எங்கள் இருக்கையை நோக்கி வருவது தெரிந்தது. நான் முகத்தை வெளியே திருப்பி ஒரு புளியமரத்தைப் பார்த்தேன், அது போனதும் அடுத்ததைப் பார்த்தேன். அவர் ஒரு நொடி நின்றார். பிறகு ஸ்டெல்லாவிடம், "எங்கம்மா, சிதம்பரம் மூணா?" என்று யாரோ எவரோ மாதிரி கேட்டு, மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டார். என்னை வீட்டில் "பாப்பா" என்பதைத் தவிர வேறு பெயரில் அவர் கூப்பிட்டதே இல்லை. சிதம்பரம் வரும்வரை என் கழுத்து திரும்பவில்லை.

விழாவில் ஃபிப்த் கேட் படுதோல்வி அடைந்தது. மைக் கீச்சிட்டது, டிரம்ஸ் ஒரு பக்கம் போக கிடார் இன்னொரு பக்கம் போனது, மூணாவது பாட்டின் நடுவில் பாடகனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. லைவ்தான் எல்லாம் என்று சாதித்த ஸ்டெல்லாவே, "காலையில பஸ் ஸ்டாண்டுல கேட்டதுதான்டி லைவ்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு அவளுடைய அண்ணன் பாடகன் ரகுவை எங்களிடம் அழைத்துவந்தான். ஊர்ப் பெயர்கள்தானே என்று கேட்டதும் ரகு கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "மெட்டு இருந்துச்சு, வரி இல்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஊருலேருந்து வர்றப்ப கடலூர்ல ஏறுவேன், அந்த கண்டக்டர் அண்ணன் கூப்புடுவாரு பாரு, அந்தத் தொண்டைக்கி முன்னாடி நாங்கள்லாம் ஒண்ணுமே இல்ல. அவரு பேரு கூடத் தெரியாது" என்றான்.

பேர் தெரியாது என்று அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. "முருகையன். எங்க அப்பா" என்றேன்.

குமரன், "அப்ப என் எல்.எல்.ஆர்.?" என்றான். ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். கண்டக்டர் மகளா என்று கேட்பாள் என நினைத்தேன். "ஒங்க அப்பாகிட்ட என்னைய டிக்கெட்டு வாங்க வச்சிட்டியேடி. தெரிஞ்சிருந்தா ஒரு வணக்கமாவது சொல்லியிருப்பேன்ல" என்றாள். அவள் கோபத்தில் இருந்த நியாயம் என்னை அழவைத்தது. குமரன் தன் நாலு பக்கத் தாளை எடுத்து, கடைசியில் காலியாக இருந்த இடத்தில் "ரூட் ராக்" என்று புதிய வகை ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

திரும்பும்போது நான்தான் வண்டியைத் தேடிப் பிடித்தேன். ஸ்டெல்லா படியேறும்போதே, "வணக்கம் அங்கிள்" என்று சொல்ல, குமரன் எதற்கோ கைகூப்பினான். உங்கள் கூப்பாட்டைத்தான் அந்தப் பையன்கள் பாட்டாகப் பாடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "அன்னிக்கி வீட்டுல கேட்டப்பவே தெரிஞ்சிச்சி பாப்பா. நீ ஏதோ இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டு இருந்த, எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூண்டியாங்குப்பத்த வுட்டுட்டான். காரக்காடு தாண்டி நேரா ஆலப்பாக்கம்னா, பூண்டியாங்குப்பத்துக்காரன் எங்க எறங்குவான்?" என்று கேட்டார். இன்றுவரை எந்தப் பாட்டுக்கும் இவ்வளவு பொறுப்பான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இப்போது பாட்டு ஓடும்போதே வரிகளும் திரையில் ஓடுகின்றன, யாரும் எதையும் தப்பாகக் கேட்க வழியில்லை. அந்தப் பதிவு அம்மாவின் பழைய செல்போனோடு போய்விட்டது, ஃபிப்த் கேட் அந்த விழாவோடு கலைந்தது. ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். குமரன் ஒரு நகராட்சியில் மக்கும் குப்பை, மக்காத குப்பையைப் பிரித்துவைக்கச் சொல்லி வீடு வீடாகப் போகும் வேலையில் இருக்கிறான். நாலுவழிச் சாலையில் பேருந்துகள் பாதி ஊர்களைத் தொடாமலே பறக்கின்றன. கண்டக்டர்கள் கையில் டிக்கெட் கருவி இருக்கிறது, கூப்பிடுகிறவர்கள் அநேகமாக இல்லை. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், மிச்சம் பிடித்த தொண்டையை எல்லாம் இப்போது தொலைக்காட்சிச் செய்தியோடு சண்டை போடுவதில் செலவழிக்கிறார்.

இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒன்றை மட்டும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது கேட்டுவிட்டேன்: அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தீர்கள்தானே, அப்புறம் ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தாமலே சொன்னார்: "நீ கை காட்டலியே பாப்பா. கை காட்டாத ஆளுக்கு வண்டிய எப்புடி நிறுத்துறது?"