என் மகள் டீச்சரைத்தான் கேட்டாள்

மூன்று வருடம் இருக்கும். வில்லியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கிராமம். அங்கே அரசு தொடக்கப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் எட்டு மணிக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப சாயங்காலம் ஆறாகிவிடும். கணவருக்குச் சென்னையில் கட்டட வேலை; பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவார். ஆக, மகளுக்கு எல்லாமே நான்தான் என்ற பெருமை எனக்கு உண்டு.

அந்த வருடம் அவள் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் அவர் பேச்சுதான். "எங்க மிஸ் இப்படிச் சொன்னாங்க", "எங்க மிஸ் அப்படிச் சொன்னாங்க". வீட்டில் ஒரு வாய் பால் குடிக்க அழுகிறவள், பள்ளிக்கூடத்தில் காலையில் கொடுக்கிற பாலை மிஸ் சொன்னதற்காக ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறாளாம். ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது கண்ணை மூடிக்கொண்டே "மிஸ்..." என்றாள். அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

வேன் பிடிக்கிற அவசரத்தில் நான் ஏனோதானோவென்று தலை பின்னி அனுப்புவேன். சில நாள் சாயங்காலம் அந்தப் பின்னல் அவிழ்த்து அழகாகப் பின்னப்பட்டிருக்கும். "மிஸ் பின்னி வுட்டாங்கம்மா" என்பாள். "தூங்கறப்ப உறுத்தும்" என்று சொல்லி உடனே அதை அவிழ்த்துவிடுவேன். உறுத்தியது அவளுக்கு இல்லை என்பது எனக்கே தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நான் வரும்வரை அவள் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருப்பாள். கடைக்காரர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவள் மாமா என்பாள். "பாப்பாவ இங்க வுட்டுட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று அவராகவே சொன்னபோது, இப்படி ஒரு மனுஷனா என்று உருகிப்போனேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஒரு கிண்ணம் அவர் வீட்டுக்குப் போகும். "மாமா மாதிரி நல்லவங்க யாருடி இருக்காங்க?" என்று மகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ.

அப்புறம் அவளிடம் ஒரு மாற்றம் வந்தது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் சிவந்திருக்கும். படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் காலையில், "நான் கடைக்கிப் போவ மாட்டேம்மா. வூட்லயே கதவ சாத்திகினு இருக்கேன்" என்றாள்.

"அடம் புடிக்காத. மாமா இன்னா உன்ன கடிச்சா தின்றாரு?" என்று அதட்டி அனுப்பினேன்.

அவள் மாறியதற்கு எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. அந்த டீச்சர் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார். அந்தச் சமயத்தில் டைரியில் டீச்சர் எழுதி அனுப்பினார்: "சில நாட்களாக மிகவும் அமைதியாக இருக்கிறாள். அம்மா ஒருமுறை வந்து பார்க்கவும்." கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினேன். அடுத்த வாரம், "மதியம் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவசியம் வரவும்" என்று வந்தது. என் பிள்ளை சாப்பிடுகிறதா இல்லையா என்று இவர் எனக்குச் சொல்வதா? கம்பெனிக்குப் போன் செய்தார். "டூட்டில இருக்கேங்க" என்று கட் செய்தேன். மூன்றாவது தடவை எழுதி வந்தபோது அந்தப் பக்கத்தையே கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில், மகள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்: "யம்மா, இஸ்கோல் வுட்டதும் நான் மிஸ் வூட்டுக்குப் போயிடட்டா?"

எனக்குள் எதுவோ பற்றிக்கொண்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போனேன். தலைமை ஆசிரியையிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டேன்.

அவர் அறையில் அந்த டீச்சரும் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் தலைமை ஆசிரியை எழுந்து, "உங்களுக்குத்தாம்மா போன் மேல போன் போட்டுகினு இருக்கோம்" என்றார். நான் எதையும் காதில் வாங்கவில்லை.

"மேடம், இவங்க எம் பொண்ண எங்கிட்டேருந்து பிரிக்கிறாங்க. நான் பெத்தேனா, இவங்க பெத்தாங்களா?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் முடித்ததும் தலைமை ஆசிரியை கதவைச் சாத்தி, என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளை நீட்டினார்.

அன்று காலை முதல் பீரியடில், யார் எப்படித் தொட்டால் சரி, எது தப்பு, தப்பென்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று டீச்சர் பாடம் எடுத்திருக்கிறார். இடைவேளையில் எல்லாப் பிள்ளைகளும் வெளியே ஓட, என் மகள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு தானாகவே பேசியிருக்கிறாள். அவள் பேசியதைக் கேட்டு, பிறகு டீச்சர் எழுதி வைத்ததுதான் அந்தத் தாள். கடைக்கார மாமா ஷட்டரைப் பாதி இறக்குவது. செல்போனில் கேம் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பது. தொடக் கூடாத இடத்தில் தொடுவது. வெளியே சொன்னால் அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று மிரட்டுவது. 'இன்னா', 'வூடு', 'பூடும்' என்று என் மகளின் பேச்சு அப்படியே இருந்தது. படிக்கும்போது அவள் குரல் காதில் கேட்டது.

எனக்கு அழுகைகூட வரவில்லை. முதலில் வாயில் வந்தது, "மேடம், வெளிய தெரிஞ்சா அசிங்கமாப் பூடும். இனிமே அந்தக் கடைக்கி அனுப்பல. இத்தோட வுட்டுடுங்க" என்பதுதான்.

"அப்படி வுட முடியாதும்மா. தெரிஞ்ச உடனே போலீஸ்ல சொல்லணும்னு சட்டமே இருக்கு. சொல்லிட்டோம்" என்றார் தலைமை ஆசிரியை. பிறகு மெதுவாக, "அந்தக் கடைக்கி வேற புள்ளைங்க போவல?" என்று கேட்டார்.

சாயங்காலமானால் அங்கே ஸ்டிக்கர் வாங்கவும் பேனா வாங்கவும் எத்தனை பிள்ளைகள் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அந்த நிலையிலும் டீச்சரைப் பார்த்துக் கேட்டேன்: "எங்கிட்ட சொல்லாம உங்ககிட்ட ஏன் சொன்னா?"

"நான் தோண்டித் தோண்டி கேக்கலைங்க. அவளாப் பேசட்டும்னு பக்கத்துலயே இருந்தேன், அவ்ளோதான். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்'னு சொன்னா. அப்படி சத்தியம் பண்ண முடியாது கண்ணு, உனக்கு உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினா."

கொஞ்ச நேரத்தில் சுடிதார் போட்ட இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் போலீஸ், இன்னொருவர் குழந்தைகள் நலத் துறையைச் சேர்ந்தவர். ஒரு காலி வகுப்பறையில் என் மகளை உட்கார வைத்தார்கள். போலீஸ் அம்மா கீழே பாயில் அவளுக்குச் சமமாக உட்கார்ந்து கேட்டார்: "பாப்பா, நாம பேசறப்ப உன் பக்கத்துல யார் இருக்கணும்?"

நான் அவள் பக்கத்தில் போய் உட்காரக் குனிந்துவிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மிஸ்" என்றாள்.

பாதி குனிந்தபடியே நின்றேன். போலீஸ் அம்மா என்னைத்தான் பார்த்தார். நான்தான் தாய், நான்தான் இருப்பேன் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். சொல்ல வாய் துடித்தது. ஆனால் மகளின் விரல்களைப் பார்த்தேன். டீச்சரின் புடவை முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தன. நான் உட்கார்ந்தால் அவள் வாய் திறக்க மாட்டாள் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

"மிஸ் கூடவே உக்காரு கண்ணு. நான் வெளியதான் இருக்கேன், எங்கியும் போவல" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

முக்கால் மணி நேரம். அவள் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். என் பிள்ளைக்கு நடந்ததை நினைத்து நெஞ்சு வெடித்த அந்த நேரத்திலும், உள்ளே அவள் பக்கத்தில் இன்னொருத்தி இருக்கிறாளே என்று வயிறு எரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

வெளியே வந்தவள் நேராக வந்து என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். "ஏன் சொல்லலைன்னு மட்டும் கேக்காதீங்க" என்று அந்த இரண்டு பெண்களும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சோறு ஊட்டும்போது அவளாகவே சொன்னாள்: "நீதாம்மா மாமா ரொம்ப நல்லவருன்னு சொன்ன. நீ நம்ப மாட்டன்னு நெனச்சேன்."

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே அந்த ஆளைக் கைது செய்திருந்தார்கள். விஷயம் தெரிந்து இன்னும் இரண்டு தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். வழக்கு நடக்கிறது. தெருவில் சிலர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. "சொந்தக்காரன கம்பி எண்ண வெச்சிட்டா" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. கணவர் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே வேலை தேடிக்கொண்டார். நான் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி முதல் ஷிப்ட்டுக்கு மாறினேன். ஒரு வருடம் புதுச்சேரிக்குக் கவுன்சிலிங் அழைத்துப்போனோம். இப்போது மகள் ஆறாம் வகுப்பு. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகச் சண்டையும் போடுகிறாள்.

அந்த டீச்சருக்குப் பாகூர் பக்கம் மாற்றலானபோது, டைரிப் பக்கத்தைக் கிழித்ததை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியுங்க. கிழிச்ச ஓரம் அப்படியே இருந்துச்சே" என்று சிரித்தார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை. முதல் தடவை எழுதியபோதே நான் போயிருந்தால் என் மகள் எத்தனை சாயங்காலங்கள் அந்தக் கடையில் உட்காராமல் இருந்திருப்பாள் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்போதும் மகள் என்னிடம் சொல்லாத ஒன்றை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தால் வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆனால் அவள் மனம் விட்டுப் பேச என்னைத் தவிர இன்னும் ஒருவராவது இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவளும் நான்தான்.