சேவியரின் ஜெனரேட்டரும் என் அர்ச்சனையும்

போன சனிக்கிழமை காலை, ஆறு கடலோடு சேர்கிற மட்டக்குளியில் ஒரு படகின் பின்பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். அறுபத்து மூன்று வயதில் செய்கிற வேலையா இது? இல்லைத்தான். ஆனால் சேவியர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

சேவியர் என்னோடு பள்ளியில் படித்தவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். ரிட்டயர் ஆனதும் மற்றவர்களைப் போல வீட்டுக்கு மேல்மாடி கட்டாமல், ஒரு பழைய படகை வாங்கினான். குடும்பங்களை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுக் காட்டுவானாம்.

அதற்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குப் பரிசோதகர் வர வேண்டும். முதல் தடவை வந்தவர், லைஃப் ஜாக்கெட் இரண்டு குறைகிறது என்று திரும்பிப் போனார். இரண்டாம் தடவை அவர் வரவே இல்லை. இது மூன்றாவது. இதுவும் தவறினால் தென்மேற்குக் காற்று தொடங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் படகு கட்டின கயிற்றிலேயே கிடக்கும். அவன் மனைவி இப்போது படகைப் பற்றிச் சண்டை பிடிப்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் சேவியருக்குப் பெரிய பயம்.

"நீ எஞ்சினியர்தானே மச்சான். பக்கத்தில நிண்டாப் போதும்."

நான் எஞ்சினியர்தான். முப்பது வருஷம் ரோட்டுப் போட்டவன். படகுக்கும் எனக்கும் உள்ள உறவு, வெள்ளவத்தை வீட்டுப் பால்கனியில் நின்று கடலைப் பார்ப்பதோடு சரி. நீச்சல்கூடத் தெரியாது.

தெரியாத வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான்? கோயிலுக்குப் போவான். வழியில் ஜிந்துப்பிட்டியில் இறங்கி முருகனுக்கு ஓர் அர்ச்சனைத் தட்டு வாங்கினேன்.

"ஆரின்ர பேருக்கு?" ஐயர் கேட்டார்.

"ஒரு படகுக்கு."

"நட்சத்திரம்?"

சேவியரின் பெயரைச் சொல்லலாம் என்றால், கத்தோலிக்கனின் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவது? எனக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். "சரி, சுவாமி பேருக்கே செய்வம்" என்று முடித்து, ஒரு மாலையும் தந்தார்.

படகுக்குப் போனபோது எட்டு மணி. சேவியர் அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையில் நின்றான். "ஜெனரேட்டர் அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாத்தனான். ஒரு பிழையும் இல்லை. இனி அந்தாள் வந்தாச் சரி."

ஸ்டியரிங்குக்கு மேலே அந்தோனியார் படமும் செபமாலையும். முன்பக்கத்தில் போன தடவை நான் கட்டிய மாலை, காய்ந்து தொங்கியது. அதைக் கழற்றிப் புதியதைக் கட்டினேன். கோயில் மாலையைக் குப்பையில் போட மனம் வருமா? கால் படுகிற இடத்தில் போடலாமா? எங்கள் வீட்டு வழக்கப்படி, பின்பக்கமாகப் போய் மெதுவாகத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டேன்.

எட்டரைக்கு, ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் போட்டு ஒரு ஒத்திகை பார்த்தோம். எட்டு நிமிஷம். சூடு ஏறி ஜெனரேட்டர் தானாக நின்றுவிட்டது. பத்து மணிக்குப் பரிசோதகர். ஒரு மணித்தியாலம் ஓடிக் காட்ட வேண்டும்.

சேவியர் வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அவர் வேறெங்கோ ஒரு படகுக்குள் இருந்தார். சிங்களத்தில் ஒரே கேள்வி: "வத்துர எனவாத?"

தண்ணீர் வருகிறதா? அதுதான் விஷயம். இந்த ஜெனரேட்டர் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சும். அது உள்ளே சூட்டை வாங்கிக்கொண்டு, புகைக்குழாய் வழியாக வெளியே கொட்டும். அதைப் பார்க்கத்தான் நான் குப்புறப் படுத்தேன். சேவியர் இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணினான். வந்தது வெறும் புகை... நடுவில் இரண்டு சொட்டு. உடனே நிறுத்தச் சொன்னேன்.

பிறகு தொடங்கியது கழற்றல். சூட்டைத் தணிக்கிற கூலன்ட் தாங்கி நிறைந்திருந்தது. வடிகட்டியைத் திறந்தோம், சுத்தம். பம்பைக் கழற்றினோம், உள்ளே சுற்றுகிற ரப்பர் இதழ்கள் ஒன்றும் உடையவில்லை. ஒவ்வொன்றும் நன்றாக இருக்க இருக்க சேவியரின் முகம் கறுத்துக்கொண்டே போனது. நான் டோர்ச் பிடித்தேன். முழங்கால் உயிர் போனது. இந்த வயதில் எங்களுக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு அலுத்தே போய்விட்டது.

"ஆற்றில குப்பை கொட்டுற சனங்கள்" என்றேன். "பழைய சாமானை உன்ர தலையில கட்டினவன்" என்றும் சொன்னேன். பிழை எங்கே என்று தெரியாதபோது ஆட்களைத் தேடுவது எவ்வளவு சுகம்!

கடைசியில், அடியிலிருந்து தண்ணீர் வருகிற ஹோஸைக் கழற்றினான். வால்வைத் திறந்தால் பீறிட்டு அடிக்க வேண்டும். ஒழுகியது.

"வெளியில அடைச்சிருக்கு." வால்வைப் பூட்டி, சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, அந்தக் கறுத்த தண்ணீருக்குள் இறங்கினான். கழுத்தளவு. மூச்சைப் பிடித்து மூழ்கினான். ஒரு தடவை. இரண்டு தடவை. படகிலே நின்று நான் யாரைக் கும்பிடுகிறேன் என்று பாராமல் கும்பிட்டேன்.

மூன்றாம் தடவை எழும்பியபோது கையில் கிழிந்த செவ்வந்திப் பூ. நூல். கொஞ்சம் ஜரிகை.

காலையில் நான் தண்ணீரில் விட்ட மாலை. சொல்ல வாய் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"ஆரோ ஒரு மடையன் மாலையை ஆத்தில போட்டிருக்கிறான், மச்சான். சட்டையைத் தா."

நானும் "ஓம்" என்றேன். வாசகர்களே, என்னைத் திட்டுங்கள். "ஓம்" என்றேன்.

ஹோஸைப் பூட்டி, வால்வைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினோம். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பரிசோதகர் பத்தரைக்கு வந்தார். சேவியரின் தலையிலிருந்து வடிவதைப் பார்த்து, குளித்துவிட்டா வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு மணித்தியாலம், ஒரு முனகல் இல்லை. கையெழுத்து வைத்தார். சேவியர் மனைவிக்குப் போன் போட்டான். "சரிவந்திட்டுது" என்று மூன்று தடவை சொன்னான்.

எதையெல்லாம் கழற்றிப் பார்த்தோம்! நான் பார்க்காமல் விட்டது என் கையை மட்டும்தான். வீட்டிலும் அலுவலகத்திலும் நாங்கள் தேடுகிற பிழைகளில் பாதி இப்படித்தானோ?

பஸ்ஸுக்கு நடந்தபோது சேவியர் பின்னால் ஓடிவந்து ஒரு ஷொப்பிங் பேக்கைத் தந்தான். உள்ளே நான் காலையில் கட்டிய புது மாலை.

"வாடின பிறகு இதை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியாது மச்சான். உன்ர வீட்டிலயே இருக்கட்டும்."

முதலிலேயே தெரிந்திருக்கிறது அவனுக்கு! தண்ணீருக்குள்ளே நிற்கும்போதே.

மாலை இப்போது என் பால்கனிக் கம்பியில் தொங்குகிறது. வாடிவிட்டது. குப்பையில் போட மனமில்லை. எதிரே கடல். என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்... தண்ணீரில் விடச் சொல்கிறவர்கள் மட்டும், தயவுசெய்து முதலில் சேவியரோடு கதைக்கவும்.