பின்னால் ஓடிய இன்ஜின்

நான் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் ஈயம் உருகும் புகை வந்தால் எனக்குப் பென்னலூர் மோட்டார் கொட்டாய் ஞாபகம் வரும். இப்போது அந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன.

தொண்ணூற்றொன்றில், பம்புசெட் தடதடக்க, ஈரப் பாசியும் கிரீசும் மணக்க, நானும் என் வகுப்பு சேவியரும் லீவு முழுக்க அங்கே உட்கார்ந்து ஒரு குட்டி ரயில் இன்ஜினைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவன் சித்தப்பா மெட்ராசிலிருந்து வாங்கிவந்து கொடுத்த பெட்டியில், ஊட்டி ரயில் மாதிரி குறுகலான பாதையில் ஓடும் இன்ஜினின் தகரத் துண்டுகள் இருந்தன, மோட்டார் இல்லை. கெட்டுப்போன டேப்ரெக்கார்டரின் மோட்டாரைக் கழற்றி, இரும்புக் கம்பியைத் தணலில் காய்ச்சி அதால் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, குடைக்கம்பியில் தண்டவாளம் போட்டோம்.

சேவியர் வீட்டார் வாலாஜாபாத்துக்குக் குடிபோவதற்குள் அது ஓட வேண்டும். அவர்கள் கிளம்பும் காலையில்தான் ஓடியது. பின்பக்கமாக ஓடியது.

"இன்னாடா, உன்ன மாதிரியே ரிவர்ஸ்ல போவுது," என்று சேவியர் சிரித்தான்.

"பேட்டரிய திருப்பிப் போட்டா?" என்றேன்.

"டார்ச்சுல திருப்பிப் போட்டா எரியுதா? கம்முனு இரு."

எங்களுக்குத் தெரிந்த பேட்டரி டார்ச் பேட்டரிதான். நானும் நம்பிவிட்டேன். வெளியே டெம்போவிலிருந்து அவன் அப்பா கத்தினார்.

"நீயே வெச்சுக்கோ. பொங்கலுக்கு வந்து முன்னால ஓட வுடுறேன்," என்று சொல்லி ஓடினான். வரவில்லை.

திருப்பிப் போட்டாலே போதும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது. இன்ஜின் பரண்மேல் இருக்கிறது. நான் இன்னும் திருப்பிப் போடவில்லை. அது அவன் செய்வதாகச் சொன்ன வேலை.