பாலிஷ் போட்ட பிரேக்குக் கட்டை

எங்க வீட்டுக்காரவுகளுக்கு இடது கண்ணுல புரை விழுந்துச்சு. ரொம்ப நாள் சொல்லவே இல்லை. தெரிஞ்சவுக யாராச்சும் இடது பக்கமா வந்து கும்பிட்டா, பெருமை பிடிச்ச ஆளு மாதிரி நேராப் போயிருவாக. இனிமே காரைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்பத்தான் எனக்கு விசயமே தெரியும். சரி, நான் ஓட்டுறேன்னேன். பொம்பளை கார் ஓட்டுனா ஊரே நின்னு வேடிக்கை பாத்த அறுபதுகளோட கடைசி அது. புருசன் மேல எம்புட்டுப் பிரியமுன்னு மெச்சுனாக. பாதி பிரியம், பாதி உயிர்ப் பயம்.

ஒரே இடைஞ்சல், என் கால் பெடலுக்கு எட்டலை. சீட்டை முன்னால தள்ளலாமுன்னா அது துருப்பிடிச்சு அசைய மாட்டேன்னுருச்சு. தேக்குக் கதவு வேலை பாக்குற ஆசாரியைக் கூப்பிட்டோம். நாலு விரக்கடை கனத்துல மூணு கட்டை செதுக்கி, பெடல் மேல வச்சு, பழைய சைக்கிள் டியூபால இறுக்கிக் கட்டினாரு. அதோட விட்டாரா? வாசக்கதவுக்குப் போடுற பாலிஷை மூணுக்கும் போட்டாரு. குனிஞ்சா முகம் தெரிஞ்சுச்சு.

"பேரன் காலத்துக்கும் இருக்கும் தாயி"ன்னாரு.

வலையபட்டிப் பக்கம் வத்திக் கிடந்த கண்மாய்க்குள்ள ஓட்டிப் பழகினேன். பிரேக்குல வெறுங்கால் வழுக்கும். முந்தானையால கட்டையைத் துடைச்சுக்கிட்டு மறுபடி ஓட்டுவேன். கண்மாய்க்குள்ள மோதுறதுக்கு என்ன இருக்கு?

லைசென்ஸ் டெஸ்டுக்கு எல் போர்டு மாட்டிக்கிட்டு, அவுகளைப் பக்கத்துல உக்கார வச்சு நான்தான் ஓட்டிப் போனேன். ஒரு கோழி மேல கூடப் படலை. இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து குனிஞ்சாரு. பிரேக்குக் கட்டையை ரெண்டு விரலால திருகினாரு. கையோட வந்துருச்சு.

"இது கழண்டு பெடலுக்கு அடியில சிக்கிக்கிட்டா எதைம்மா மிதிப்பீங்க?"

அந்த ஆளைத் திட்ட வாய் துறுதுறுன்னுச்சு. சொன்னது நியாயமாப் போச்சே, என்னத்தத் திட்டுறது? கண்டபடி மாத்தின வண்டிக்கு டெஸ்ட் கிடையாது, ரோட்டுல ஓட்டுறதே குத்தமுன்னு சொல்லி, மூணு கட்டையையும் அவுத்து என் கையில குடுத்தாரு.

"இப்ப வண்டியை யாரு எடுத்துட்டுப் போறது?"ன்னு அவரே கேட்டாரு.

எங்க வீட்டுக்காரவுக லைசென்ஸை நீட்டினாக. அவரு முத்திரையைப் பாத்தாரு, தேதியைப் பாத்தாரு. கண்ணைப் பாக்கலை. "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டாரு. சொல்லிரலாமான்னு பாத்தேன். கட்டின புருசனை நானே எப்படிக் காட்டிக் குடுக்குறது? வாயை மூடிக்கிட்டு ஏறி உக்காந்தேன். இப்ப நினைச்சாலும் வெக்கமாத்தான் இருக்கு.

வழியெல்லாம் "சைக்கிள், ஆடு, பள்ளம்"னு சொல்லிக்கிட்டே வந்தேன். செக்காலை ரோட்டுல இடது பக்கச் சந்துலருந்து வைக்கோல் வண்டி ஒண்ணு வந்துச்சு. பிரேக்கு, பிரேக்குன்னேன். கார் நின்னப்ப என் சன்னல் வழியா மடி பூரா வைக்கோலு.

வண்டிக்காரரு குதிச்சு இறங்கி வந்தாரு. "ஏங்க, லைசென்ஸ் வச்சிருக்கீகளா இல்லையா?"

அவுக சட்டைப் பையிலருந்து எடுத்துக் காட்டினாக. வண்டிக்காரரு முத்திரையைப் பாத்துட்டு மாட்டைப் பிடிக்கப் போயிட்டாரு. வைக்கோலுக்கு அடியில மூணு கட்டையையும் பிடிச்சுக்கிட்டு, பெடலே இல்லாத இடத்தை நான் இன்னும் மிதிச்சுக்கிட்டே இருந்தேன்.