ஒன்பதிலேயே திறந்துகொண்ட வால்வு

தெருவில் அவருக்குக் குழாய்க்காரர் என்று பெயர். எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்கும் கருவிகளை இருபத்திரண்டு வருஷமாக வடிவமைத்து வரும் மனிதருக்கு இந்தப் பெயர் வந்த கதை சின்னதுதான். குடிவந்த புதிதில் எதிர்வீட்டுக்காரர், "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். இவரும் சும்மா இருக்காமல், நாலு கிலோமீட்டர் ஆழத்தில் குழாயோடு போய் உட்காரும் வால்வு, கம்பியும் கிடையாது கரண்டும் கிடையாது, மேலேயிருந்து பம்ப் வைத்துத் தண்ணீரை அழுத்தினால் அந்த அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும் என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த எதிர்வீட்டுக்காரர், "நல்லதாப் போச்சு, எங்க பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றார்.

இவரும் போனார். ஊரில் யார் கூப்பிட்டாலும் போய்விடுவார், வீட்டில் கூப்பிட்டால் மட்டும்தான் அசையமாட்டார். குழாய் ஒழுகுவது நின்றது. ஆனால் அன்றிலிருந்து அதன் கைப்பிடியை மூன்று தடவை அமுக்கினால்தான் தண்ணீர் வருகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "தெரியாம கை பட்டுத் திறந்துடக் கூடாதில்ல" என்றார். பாத்ரூம் குழாய் தெரியாமல் திறந்துகொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று எதிர்வீட்டுக்காரருக்கு இன்று வரை புரியவில்லை. அவர் பாவம், சோப்புப் போட்ட முகத்தோடு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மனைவி "என்னங்க" என்று கூப்பிட்டால் அவர் எழுந்திருப்பது பத்தாவது "என்னங்க"வில். வேண்டுமென்று செய்வதில்லை. மேஜையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட்டால் காது கேட்கும், மனசுக்குள் எண்ணிக்கையும் ஓடும், உடம்பு மட்டும் பத்துக்குக் காத்திருக்கும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அந்த அம்மாளும் இதற்குப் பழகிவிட்டார். அடுப்படியில் கை வேலை பார்த்துக்கொண்டிருக்க, வாய் பாட்டுக்கு "என்னங்க, என்னங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் வடிவமைத்த வால்வு வேறு எப்படி இருக்கும்? அதுவும் பத்தாவது தடவைக்குத்தான் திறக்கும். இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, கிணற்றில் அதற்குத் தேவை இருக்கிறது. குழாயை இறக்கிய பிறகு ஆட்கள் அதை அழுத்தம் ஏற்றி ஏற்றிச் சோதிப்பார்கள். இணைப்பு சரியா, அடைப்பு சரியா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அழுத்தம். அத்தனைக்கும் வால்வு வாயைத் திறக்காமல் கிடக்க வேண்டும். உள்ளே ஓர் உருளை, அதைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் பள்ளம், பள்ளத்தில் ஓடும் ஓர் இரும்புப் பின். ஒரு தடவை அழுத்தம் காட்டும் கேஜ் முள் மூவாயிரத்தைத் தொடும்வரை அழுத்திப் பிறகு விட்டால், அந்தப் பின் ஒரு பல் தள்ளிப்போகும், நாம் எழுதும் பட்டன் பேனாவில் நடப்பது போலத்தான். பத்தாவது பல்லில் பள்ளம் நீளமாக இருக்கும். உருளை முழுசாக நகர்ந்து, பக்கத்திலுள்ள நான்கு துளைகளும் திறக்கும். முன்னாலேயே திறந்துவிட்டால் போச்சு, நாலு கிலோமீட்டர் குழாயையும் மறுபடி மேலே உருவ வேண்டியதுதான்.

அந்த வால்வுதான் அவர் மானத்தை வாங்கியது. முதல் டெஸ்டில் ஒன்பதாவது அழுத்தத்திலேயே திறந்துகொண்டது. ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டு மாற்றினார். இரண்டாவது டெஸ்டிலும் ஒன்பது. இந்தத் தடவை அவருடைய சந்தேகம் உருளையைக் கடைந்து கொடுத்த லேத் மாஸ்டர் மேல் விழுந்தது. பள்ளத்தில் ஒரு பல்லை வெட்டாமல் விட்டுவிட்டாரோ என்று அவர் எதிரிலேயே உருளையைக் கழற்றி, விரலை வைத்து, வாய்விட்டு எண்ணினார். பத்து இருந்தது. மறுபடி எண்ணினார். "ஏன், அடுத்த ஷிப்ட் ஆளையும் கூட்டிட்டு வந்து எண்ணச் சொல்றதுதானே?" என்றார் லேத் மாஸ்டர். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது டெஸ்ட் திங்கட்கிழமை. வால்வை வாங்கப்போகும் வாடிக்கையாளரே நேரில் வந்து பார்க்கிறார். பத்தில் திறக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. மேனேஜர் தன் பங்குக்கு ஒன்று செய்தார். அதே கம்பெனியில் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் நாசில் செய்கிற பிரிவு ஒன்று உண்டு. அங்கே ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் காலியாக இருந்த மேஜையைக் காட்டி, "காத்தோட்டமா இருக்கு பாருங்க" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கருவிகளைப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றும் சொன்ன நேரத்தில் திறந்தது என்று தகவல் வரும்வரை சரியாகச் சாப்பிடாத மனிதர் அவர். இனிமேல் ரோஜாச் செடிக்கு எவ்வளவு அகலத்தில் தூறல் விழ வேண்டும் என்று வரைய வேண்டுமாம். 

ஞாயிற்றுக்கிழமை காலை. மேஜையில் வரைபடம், அதன் மேல் அவர். மனைவி துவைத்த போர்வையைப் பிழிய ஆள் கிடைக்காமல் கூப்பிட ஆரம்பித்தார். பத்தாவது "என்னங்க"வில் இவர் எழுந்து போய் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அதிசயமா இருக்கே! இன்னிக்கு ஒன்பதுலயே எந்திரிச்சிட்டீங்க?"

"ஒன்பதா? பத்து கூப்பிட்டே. நான் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?" போர்வையை அவர் முறுக்கிய முறுக்கில் கணவரின் மணிக்கட்டும் சேர்ந்து திரும்பியது. "அப்ப காது கேக்குது! பதினெட்டு வருஷமா நான் என்னவோ காது மந்தம்னு நெனச்சுப் பாவப்பட்டுக்கிட்டு இருக்கேன்!"

"அதை விடு. பத்து கூப்பிட்டியா இல்லையா?"

"ஒன்பதுதான். மொதல்ல கூப்பிட்டது நீங்க வீட்ல இருக்கீங்களான்னு பாக்கறதுக்கு. அது கணக்குல சேராது."

"சேராதா?"

"எங்க வீட்ல யாரும் அதைச் சேக்க மாட்டோம். என் தம்பியைப் பாருங்க, காலிங் பெல்லைக்கூட வேலை செய்யுதான்னு பாக்க ஒரு தடவை அடிச்சுட்டு, அப்புறம்தான் நெசமா அடிப்பான்."

குழாய்க்காரர் போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மனைவியின் தம்பிதான் டெஸ்ட் கூடத்தில் பம்ப் போடுகிறவன். நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்த சுபாவம். அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல் இவரே சேர்த்துவிட்ட வேலை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி விறுவிறு என்று நடந்தார். ஈரப் போர்வை தோளில் தொங்கிச் சொட்டிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, யார் வீட்டிலோ பெரிய ஒழுகல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மைத்துனன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மாமா தோளில் போர்வையோடு வருவதைப் பார்த்ததும் பயந்து எழுந்தான்.

"மாப்ளே, உண்மையைச் சொல்லு. டெஸ்டுக்கு முன்னாடி பம்ப் ஹோஸை மாட்டிட்டு ஒரு தடவை அழுத்திப் பாக்கறியா?"

"ஆமா மாமா. நீங்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே பாத்துடுவேன்."

"எவ்வளவு?"

"முழுசா. மூவாயிரம்."

"அட மடையா! ஒன்பதுல திறக்குது ஒன்பதுல திறக்குதுன்னு ஒரு மாசமா நான் தூங்காம கிடக்கேன். நீ சும்மா பாக்கறியா நெசமா அழுத்தறியான்னு அந்த வால்வுக்கு எப்படிடா தெரியும்? அது எண்ணிட்டுது! அது பத்துலதான் திறந்திருக்கு! எவன்டா உன்னை அப்படிப் பாக்கச் சொன்னது?"

மைத்துனன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான். ஒரு வேலையையும் விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் டெஸ்ட் முறை எழுதிய தாளை ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வைத்திருக்கிற ஜென்மம் அது. முதல் வரி இப்படி இருந்தது: 'தொடங்கும் முன், முழு அழுத்தத்தில் ஒரு முறை ஏற்றி ஹோஸ் கசிவு பார்க்கவும்.' கீழே குழாய்க்காரரின் கையெழுத்து, தேதி, அடிக்கோடு. அடிக்கோடு இரண்டு.

அவர் அதை ஒரு தடவை படித்தார். போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டித் தாளில் விழுந்தது.

"மாமா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல" என்றார். திட்ட வந்த வாய் வேறு என்ன சொல்லும்? பேனா வாங்கி அந்த வரியை அடித்தார். "நாளைக்கு இதைச் செய்யாதே."

"அப்ப ஹோஸ் ஒழுகினா?"

"ஒழுகினா ஒழுகட்டும். நம்ம தலைலயா விழப் போகுது?"

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக லேத் மாஸ்டரிடம் போய், "தப்பு என் மேலதான்" என்று சொன்னார். லேத் மாஸ்டர் தலையை நிமிர்த்தாமல், "எண்ணிப் பாத்துட்டுதான் சொல்றீங்களா?" என்றார். அதோடு அவர்களுக்குள் சமாதானமாயிற்று.

டெஸ்ட் கூடத்தில் வால்வு ஒரு குழிக்குள் கிடக்கும். சுற்றிலும் ஆள் உயர இரும்புச் சுவர், பார்ப்பதற்குத் தடித்த கண்ணாடி. சுவருக்கு மேலே மட்டும் திறந்திருக்கும். வாடிக்கையாளர் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். ஆள் நல்ல உயரம், நடுமண்டை நன்றாகப் பளபளத்தது. அவர் காகிதத்தை நம்புகிறவர் இல்லை. இரண்டு கையையும் விரித்து நீட்டி, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு விரலை மடக்கினார்.

ஒன்று ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மூன்றாவதற்குக் கேஜ் முள் ஆயிரத்தைத் தொடும்போதே ஹோஸ் இணைப்பு புஸ்ஸென்று விட்டுவிட்டது. தண்ணீர் நேராகக் கூரைக்குப் போய், அங்கே சற்று யோசித்து, சுவருக்கு இந்தப் பக்கம் வந்து வாடிக்கையாளர் மேல் விழுந்தது. பக்கத்தில் நின்ற மேனேஜர் மேல் ஒரு சொட்டு இல்லை. வாடிக்கையாளர் அசையவே இல்லை. மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட மூன்றாவது விரலை மடக்கினார்.

மைத்துனன் ஓடிப்போய் இணைப்பை முடுக்கினான். மறுபடி ஆரம்பித்தார்கள். நான்கு, ஐந்து, ஆறு. ஒன்பதில் வால்வு வாயைத் திறக்கவில்லை. குழாய்க்காரருக்கு மூச்சு வந்தது. பத்தாவதாக முள் மூவாயிரத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது.

வாடிக்கையாளரின் இரண்டு கையும் முட்டியாகிவிட்டன. "பத்து ஆச்சு. திறக்கல" என்றார்.

மேனேஜர், "ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துல..." என்று மெல்ல ஆரம்பித்தார். குழாய்க்காரர் கண்முன் ரோஜாச் செடிகள் வரிசையாகத் தெரிந்தன. அப்போதுதான் வாடிக்கையாளர் தலையிலிருந்து இன்னொரு சொட்டு இறங்கியதைப் பார்த்தார்.

"சார், ஒன்பதுதான் ஆயிருக்கு. இன்னும் ஒண்ணு போடணும்."

"என் விரலை விடவா உங்க கணக்கு சரி?"

"மூணாவது அழுத்தம் வால்வுக்குள்ள போகல சார். உங்க தலைல விழுந்துச்சு."

 வாடிக்கையாளர், அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேஜ் கோடாக வரைந்திருந்த தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்பது மலைகள் உயரமாக நின்றன. மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. அவர் ஒரு முட்டியைத் திறந்து, ஒரு விரலை நிமிர்த்தி, "போடுங்க" என்றார்.

முள் ஏறியது. மூவாயிரத்தில் குழிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். நான்கு துளைகளிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மைத்துனன் துள்ளிக் குதித்ததில் பம்ப்பை நிறுத்த மறந்துவிட்டான்.

"ஏமாத்து அழுத்தத்தை எண்ணாத வால்வை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் வாடிக்கையாளர். கையெழுத்துப் போட்டபோது தாள் நனைந்து பேனா வழுக்கியது. போகும்போது துண்டு ஒன்று கேட்டார். யாரிடமும் இல்லாததால் குழாய்க்காரர் தன் பையிலிருந்து நேற்றைய போர்வையை எடுத்துக் கொடுத்தார். அது ஏன் பையில் இருந்தது என்று இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்து வேறு ஏதோ வரைபடத்தை விரித்துவிட்டார். அடுப்படியிலிருந்து, "என்னங்க" என்று ஒரு குரல் வந்தது.

அடுத்த நொடி அவர் அடுப்படி வாசலில் நின்றார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார், கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது.

"என்னாச்சு? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே. நீ கூப்பிட்டே."

"அது சும்மா, இருக்கீங்களான்னு பாத்தேன்."

"இருக்கேன்."

அவர் குனிந்து கரண்டியை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். மனைவி அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, வெங்காயத்தைத் திட்டினார்.

"சரி, போய் உக்காருங்க. நான் இனிமேதான் கூப்பிட ஆரம்பிக்கணும்."