உபின் தீவின் பலகைப் பாதை

இருபத்தாறு வருடம் டூர் வேலையில் இருந்துவிட்டேன். காரைக்குடியில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். புதிதாகச் சேருகிறவர்களுக்கு விசா, டிக்கெட், ரூம் லிஸ்ட் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, ஒரு கஸ்டமரிடம் நான் சொன்ன பொய்யைப் பற்றி.

1. ஈசி வாக்

ஒரு வருடம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “சிங்கப்பூர் டூர்ல புதுசா எதாச்சும் போடும்மா. எல்லா ஏஜென்ட்டும் அதே சிங்கச் சிலையையும் அதே ராட்டினத்தையும்தான் காட்டுறாக” என்றார்.

தேடியதில் உபின் தீவு கிடைத்தது. சிங்கப்பூரின் ஓரத்தில் ஒரு சின்னத் தீவு. சாங்கி படகுத்துறையிலிருந்து மரப்படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. காடு, அலையாத்தி மரங்கள், கரையை ஒட்டிக் கடலுக்கு மேலேயே போட்ட பலகைப் பாதை. கம்ப்யூட்டரில் நாலு போட்டோ பார்த்தேன். நோட்டீசில் போடும் ஐட்டினரியில் ‘கடலோர ஈசி வாக், வயதானவர்களும் சிரமமின்றி நடக்கலாம்’ என்று டைப் அடித்துவிட்டேன்.

நோட்டீஸ் வெளியான வாரத்திலேயே கண்டனூரிலிருந்து சாத்தையா என்பவர் மனைவியோடு வந்தார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துபோனதாகச் சொன்னார். நோட்டீசில் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஈசின்னு போட்டிருக்கீகளே தாயி, நீங்க நடந்து பாத்தீகளா?”

“நடந்திருக்கேன்யா. வீட்டுக்குள்ள நடக்குற மாதிரிதான் இருக்கும்.”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அவர் மனைவி பஞ்சவர்ணம் அம்மா நாற்காலி காட்டியும் உட்காராமல் கணவருக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு அவர் முகம்தான் முதலில் மலர்ந்தது.

2. வற்றும் நேரம்

டூர் பாஷையில் ‘பாக்ஸ்’ என்றால் பயணிகள்; பதினொரு பாக்ஸ், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒரு படகுக்குச் சரியாக இருந்தது. கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட டைட் டேபிளைப் பார்த்து, கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்திருந்தேன்.

படகு கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே விமானங்களின் இரைச்சல் குறைந்துவிட்டது. தீவில் இறங்கி வேனில் போகும்போது ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு பாதையைக் கடந்தது. வேன்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசிக் குட்டி மட்டும் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் பிறகு ஓடியது.

பலகைப் பாதையில் கால் வைத்தபோது எனக்கே இது நிஜம்தானா என்று இருந்தது. அடியில் கடல் இல்லை. ஈரச் சேறு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வெகுதூரம் கிடந்தது. அதில் ஒரு கை மட்டும் பெரிதான நண்டுகள் ஆயிரக்கணக்கில் நின்று, அந்தக் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் சேர்ந்து எங்களை வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மீன்கள் தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தத்திக்கொண்டிருந்தன. உப்பும் இலையும் கலந்த ஒரு வாசனை.

ஐந்து நிமிடம்தான் நடந்திருப்போம். சாத்தையா கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் கூரை போட்ட இடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. நல்லவேளை. அது இருப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நீங்கள்லாம் போங்க, நான் இங்கனயே இருக்கேன்” என்றார். மற்றவர்களை, தீவில் எங்களோடு சேர்ந்துகொண்ட லோக்கல் கைடோடு அனுப்பினேன். பஞ்சவர்ணம் அம்மா மட்டும் நகரவில்லை.

“நீயும் போ.”

“நான் ஒத்தையில எங்குட்டுப் போவேன்?”

“ஒத்தையில எங்க? அம்புட்டுப் பேரும் போறாகள்ல. சுத்திட்டு இங்கனயேதான் வரணும். போயிட்டு வா.”

இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே அவர் போனார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த முழங்காலைப் பார்க்கப் பார்க்க இருக்க முடியவில்லை. “ஐயா, நான் இங்க வந்ததே இல்ல. அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன்” என்றேன்.

அவர் கால் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸுல ஏறுறவுக, இந்த ஊர்ல நிக்குமான்னு கேப்பாக. தெரியாட்டி தெரியலைன்னுதான் சொல்லணும் தாயி. நிக்கும்னு சொல்லி ஏத்திக்கிட்டா, அந்தாளு எங்கன போயி எறங்குவாரு?”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பிறகு கடல் திரும்பி வர ஆரம்பித்தது. அலையோ சத்தமோ இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு பள்ளத்தில் தண்ணீர் இருந்தது, அப்புறம் பக்கத்துப் பள்ளத்திலும் இருந்தது. நண்டுகள் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போயின. ஒரு நாரை மட்டும் தண்ணீர் ஏற ஏற ஓரடி ஓரடியாகக் கரைப்பக்கம் வந்தது. பிறகு எங்கள் பலகைக்கு அடியிலேயே தண்ணீர் புகுந்து, வெளிச்சம் கூரையின் உட்பக்கத்தில் நெளிய ஆரம்பித்தது. மூன்று நீர்நாய்கள் வரிசையாக நீந்திப் போயின. பொழுது நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியவில்லை.

“முப்பது வருசம் ரோட்டத்தான் பாத்தேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் என்ன இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார் சாத்தையா, நீர்நாய்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டே.

3. ஓர் ஆள் குறைவு

நாலரை மணிக்கு மற்றவர்கள் திரும்பினார்கள். ஹெட் கவுண்ட் எடுத்தேன். பத்து. திரும்ப எண்ணினேன். பத்துதான். பஞ்சவர்ணம் அம்மாவைக் காணவில்லை.

அலையாத்திக் காட்டுக்குள் கூடவே வந்ததாக ஒருவர் சொன்னார். கைடு, அவர் முன்னாலேயே திரும்பிவிட்டதாக நினைத்திருந்தார். அந்த அம்மாவின் போன் கணவரின் பைக்குள் இருந்தது. ஆறு மணிக்குப் பாதையை மூடிவிடுவார்கள், அதற்குள் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். பாதைக்கு இரண்டு பக்கமும் இப்போது தண்ணீர். சாத்தையா எழுந்து நின்றுவிட்டார்.

“நீங்க இருங்கய்யா, நான் பாத்துட்டு வாரேன்” என்று ஓடினேன்.

அலையாத்திக் காட்டுக்குள் இருட்டுப் பச்சை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கைப்பிடிக்கு அந்தப் பக்கம் தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. காடு முடிகிற இடத்தில் இரும்பில் ஒரு கோபுரம், மரங்களுக்கு மேலே பார்ப்பதற்காகக் கட்டியது. அதன் முதல் படியில் ஒரு ஜோடி செருப்பு, ஒழுங்காக ஓரமாக வைத்திருந்தது.

மூச்சு வாங்க மேலே ஏறினேன். பஞ்சவர்ணம் அம்மா உச்சியில் நின்றிருந்தார். முந்தானை காற்றில் பறந்தது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாத ஆத்தா.”

எதிரே, எங்கள் கண்ணுக்கு நேராக, மரத்தின் உச்சிக்கிளையில் இரண்டு இருவாச்சிப் பறவைகள். ஒன்று மற்றதற்கு ஒரு பழத்தை அலகிலிருந்து அலகுக்குக் கொடுத்தது. அவற்றுக்குப் பின்னால் காடு, காட்டுக்குப் பின்னால் கடல், கடலில் அசையாமல் நிற்கும் கப்பல்கள்.

“அம்மா, கீழ ஐயா தேடுறாரும்மா” என்றேன் மெதுவாக.

“செத்த நேரம் தேடட்டுமே” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பிறகு, “கல்யாணமாகி நாப்பத்திரெண்டு வருசம் ஆத்தா. நான் எங்கன இருக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாம நான் இருந்தது இந்த ஒரு மணி நேரந்தான்.”

அந்த நிமிடமே அவரைக் கீழே கூட்டிவந்திருக்க வேண்டும். டூர் மேனேஜர் செய்யவேண்டியது அதுதான். நான் கைடுக்கு ‘கிடைத்துவிட்டார், ஐயாவிடம் சொல்லுங்கள்’ என்று மெசேஜ் போட்டுவிட்டு, அந்தப் பறவைகள் எழுந்து பறக்கும்வரை பக்கத்தில் நின்றேன். சிறகடிக்கும் சத்தம் எங்களுக்குத் துணி உதறுகிற மாதிரிக் கேட்டது.

திரும்பி வரும்போது பாதி வழியிலேயே சாத்தையா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். அந்தக் காலோடு அவ்வளவு தூரம் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“எங்குட்டுப் போன?”

“மேல.”

“எம்புட்டு ஒசரம்?”

“நம்ம கோயில் கோபுரம் இருக்கும்ல, அம்புட்டு.”

அவர் அந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “என்னென்ன தெரிஞ்சுச்சு? ஒண்ணுவிடாமச் சொல்லு” என்றார்.

வேனிலும் படகிலும் பஞ்சவர்ணம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். சாத்தையா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பின்னால் தீவு மங்கி நீலமாகி, கடைசியில் ஒரு கோடாகிவிட்டது.

4. பிறகு நான் மாற்றியவை

‘ஈசி’ என்று இப்போது எழுதுவதில்லை. நானே நடந்து பார்த்து, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பெஞ்சு, எங்கே நிழல், எத்தனை படி என்று எழுதுகிறேன். நடக்காத பாதையை நோட்டீசில் போடுவதில்லை. சாத்தையாவிடம் கற்றது அது.

இன்னொன்று பஞ்சவர்ணம் அம்மாவிடம் கற்றது. எந்த டூராக இருந்தாலும், பத்திரமான ஓர் இடமாகப் பார்த்து ஒரு மணி நேரம் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன். எல்லோர் கையிலும் போன் இருக்கிறதா, என் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அப்புறம், அந்த ஒரு மணி நேரம் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.