ஆராய்ச்சிக் கற்களைத் தேடித் தருவைகுளம் போனது

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் மாசி மாதத்தில் தூத்துக்குடிக்குக் கிளம்பினேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடலில் ஊறப்போட்ட பன்னிரண்டு கற்களை எடுத்துவரப் போனேன்.

சென்னையில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, ஆராய்ச்சி செய்து வாங்குகிற எம்.எஸ்ஸி. பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். வகுப்பு கிடையாது. ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை, அவ்வளவுதான் படிப்பு. சிமிண்டுக்கு அலைந்த காலம் அது. பாதிச் சிமிண்டுக்குப் பதில் சுட்ட செங்கல் தூளைப் போட்டால் கான்கிரீட் கடலைத் தாங்குமா என்பது என் கேள்வி. "தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதாதா?" என்றார் பேராசிரியர். "கடல் என்ன தொட்டியா சார்?" என்றேன். அன்றே அவருக்கு என்மேல் கடுப்பு. ஆறு கற்களைச் செங்கல் தூள் கலந்தும் ஆறு கற்களை வெறும் சிமிண்டிலும் வார்த்தேன். தூக்குவதற்கு வசதியாகத் தலையில் இரும்பு வளையம் பதித்து, எண் பொறித்து, தூத்துக்குடியில் ஒரு பழைய மரப் பாலத்தடியில் கயிற்றில் தொங்கவிட்டு வந்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் இந்தப் பயணம்.

எழும்பூரில் சாயங்கால வண்டி. மூன்றாம் வகுப்புக்கு ஒன்பது ரூபாய்ச் சொச்சம். மணியாச்சி வரை உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் உப்பளங்கள் வந்துவிடும். வெள்ளையாகக் குவித்திருக்கிற உப்பில் வெயில் பட்டுக் கண் கூசும். போகிறவர்கள் குடை எடுத்துப் போங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

ஸ்டேஷனிலிருந்து நேரே பாலத்துக்குப் போனேன். பன்னிரண்டு கயிற்று நுனியும் அலையில் ஆடிக்கொண்டிருந்தன. கல் ஒன்றுகூட இல்லை. பக்கத்துப் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அங்கன தொங்குன கல்லா தம்பி? சங்கு குளிக்கவங்கல்லா எடுத்துட்டுப் போனாவ! தருவைகுளத்துல சூசைன்னு கேளுங்க."

"நீங்க பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க?"

"கல்லுதானேன்னு விட்டுட்டேன். பொன்னா பொருளா?"

தருவைகுளம் வடக்கே பத்து மைல். மாட்டு வண்டிதான். வண்டிக்காரர் பாதி வழியில் என்னை இறங்கி நடக்கச் சொன்னார். "மணல்ல மாடு நடக்க மாட்டேங்கு, தம்பி. நீங்க நடந்தா அது நடக்கும்." மாட்டுக்கு முன்னால் நடந்தேன்.

வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம். முதல் வள்ளத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒருவர் தூக்கிப்போட்டது என் ஏழாம் எண் கல். சங்கெடுக்க மூழ்குகிறவர் அதன்மேல் காலை வைத்து, வளையத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தால் கல்லின் பாரம் ஆளைக் கிடுகிடுவென்று அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும். வளையம் வைத்த கல் அவர்களுக்கு வரப்பிரசாதம். கல்லைத் தூக்கிப்போட்டவர்தான் சூசை.

"இது என் கல்லு!" என்று கத்தினேன்.

"யாருலே இவன், கடல்ல கெடந்த கல்லுக்குச் சொந்தம் கொண்டாட வாரான்?"

"கயித்துல கட்டித்தானய்யா தொங்குச்சு!"

"கயிறு உம்முதுதான். அதைத் தொடலையே. கல்ல மட்டுந்தான் எடுத்தோம்."

எவ்வளவு நியாயம் பாருங்கள்! என் பட்டமே இந்தக் கற்களில்தான் இருக்கிறது, இவை போனால் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நான் கத்த, சூசையின் மனைவி மரியம்மா குறுக்கே வந்தார். "பட்டமோ கொட்டமோ, எம்புருசன் எதுல எறங்குவாரு? ராசியான கல்லு. குடுக்க முடியாது." நானும் அசையவில்லை. ஏழாம் கல்லின்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைகள் எல்லாம் கூடி வேடிக்கை பார்த்தன. கடைசியில் அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் கல் கொண்டுவந்தால் தருவதாக ஒப்பந்தம். தூத்துக்குடிக்குத் திரும்பிக் கல்தச்சரிடம் கருங்கல் துளைபோட்டு வாங்கி வந்து மாற்றிக்கொண்டேன். ஒன்பதுதான் மிஞ்சின, மூன்று கடலுக்குள் போய்விட்டன.

சென்னையில் உடைத்துப் பார்த்தோம். செங்கல் தூள் கலந்தவை கெட்டியாக இருந்தன. வெறும் சிமிண்டுக் கற்களில் வளையத்தைச் சுற்றி விரிசல். பேராசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது.

"சங்கு குளிக்கிறவன் கதையெல்லாம் எதற்கு? ஒரு வருஷம் பாலத்தடியில் தொங்கியது என்று எழுது. பட்டம் இந்த வருஷமே."

"தொங்கவில்லையே சார். தினம் நனைந்து, தினம் காய்ந்து கிடந்தவை. அது வேறு, நீரிலேயே கிடப்பது வேறு. என் பேச்சை நம்பி ஒருவன் பாலம் கட்டினால்?"

"அப்படியானால் என் கையெழுத்து கிடையாது."

"வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உதவித்தொகை நின்றது.

இப்போது மறுபடியும் தூத்துக்குடியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். புதிதாகப் பன்னிரண்டு கற்கள். ஆறு கற்களைப் பாலத்தடியில் கட்டிவிட்டு, மற்ற ஆறையும் நானே தருவைகுளத்தில் கொண்டுபோய்ச் சூசையிடம் கொடுத்தேன். "இந்தத் தடவ நீரே தாரீரா?" என்று ஒரு மாதிரி பார்த்தார். பாலத்தடியில் இருப்பவற்றைத் தொடக்கூடாது என்று மரியம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஆராய்ச்சி என்று இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் யோசனை: குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள், தருவைகுளத்துக்கு விடிகாலையிலேயே கிளம்புங்கள், எதைக் கடலில் போட்டாலும் கரையில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

'இக்கற்கள் தருவைகுளம் சங்கு குளிப்போரால் பயன்படுத்தப்பட்டவை.' கட்டுரையின் முதல் பக்கத்தில் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது. அதை அடிக்க வேண்டுமென்றால் பேராசிரியரே பேனாவை எடுக்கட்டும்.